மூன்று எழுத்து

நார்ஃபோக் வயல் மண்ணோடு வந்தது பொட்டலம்.
இருபது செப்புக்காசு. சுங்கம் நாலு யூரோ.
"உள்ளே என்ன?" என்றான் தபால்காரன் ஸ்லாவென்.
"அழுக்கு" என்றேன்.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

மருந்துக்கடையில் இரவுப்பணி.
காய்ச்சி வடித்த நீரில் பத்தொன்பது ஊறுகின்றன,
இருமல் மருந்துக் கிண்ணங்களில்.
ஒன்றை மட்டும் விளக்கடியில் வைத்து
ரோஜா முள்ளால் கீறுகிறேன்.
அவசரப்பட்டால் பச்சையோடு முகமும் போய்விடும்.

முகம் முன்பே போயிருந்தது.
பேரரசன் இருந்த இடத்தில்
சப்பித் துப்பிய பிளம் கொட்டையின் வழவழப்பு.
பெயரும் இல்லை.

திருப்பினேன்.
குதிரையிலிருந்து சரிகிறான் ஒருவன்.
மேலே ஈட்டி.
திரும்பிப் பார்த்து ஒரு கையை உயர்த்துகிறான்,
வேண்டாம் என்றா, முடித்துவிடு என்றா.
எள்ளளவு கை. அது மட்டும் தேயவில்லை.

வீழ்ந்தவனைக் கொண்டுதான்
ஆண்டவனைக் கண்டுபிடிக்க வேண்டும்,
பட்டியலில் தேடினால்.
சுற்றிலும் லத்தீனில், பாதி அழிந்து:
நற்காலம் மீண்டது.

அடியில் அச்சுச்சாலைக் குறி.
முள் ஒடிந்தது. இன்னொன்று எடுத்தேன்.
எஸ்.
ஐ.
எஸ்.

சிஸ்கியா.
சிசாக், என் ஊர்,
அப்போது அந்தப் பெயரில் இருந்தது.
இங்கேதான், குப்பா ஆற்றங்கரையில்,
இந்தக் கடைக்குக் கீழேயோ, பின்னாலோ
உலை எரிந்திருக்கிறது.

ஆயிரத்து அறுநூறு வருஷம் வெளியூரில் கிடந்து
சொந்த ஊருக்குள் நுழைய
நாலு யூரோ கட்ட வைத்திருக்கிறான்,
இன்னும் விழுந்து முடிக்காதவன்.

மணி அடிக்கிறது.
வாசலில் ஒருத்தி, குழந்தைக்குக் காய்ச்சலாம்.
கையைக் கழுவுகிறேன், இரண்டு முறை.
நகக்கண்ணில் பச்சை போகவில்லை.