ஒரு வட்டத்துக்கு இருநூறு ரூபாய்

முகப்புப் படம் செய்வது என் தொழில்.
வாய் பிளந்த முகம், மஞ்சள் எழுத்து,
ஒரு சிவப்பு வட்டம், ஒரு சிவப்பு அம்பு.
குளப்பிட்டிச் சந்தியில் போட்டோக் கொப்பிக் கடைக்குப் பின்னால்
விசிறி சுத்தாத அறை.
கலியாண அல்பம் ஒன்றும் வராத ஆடி மாதத்தில்
அகிலரூபன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்:
"அக்கா, கொஞ்சம் உறைப்பாய்ச் செய்து தருவியளோ?"

அப்போது அவனைப் பார்ப்பவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் ஒன்று தாய். ஒன்று நான்.

முதல் வீடியோ குப்பை.
மாநகரசபை அள்ளாமல் விட்ட குப்பை,
மழைத்தண்ணி, செத்த நாய் ஒன்று.
அடுத்தநாள் விடிய லொறி வந்தது.
அவ்வளவுதான்,
ஊருக்கு ஒரு வாய் முளைத்துவிட்டது.

"உறவுகளே" என்று தொடங்குவான்,
கடைசி எழுத்தை மீன் விற்கிறவன் மாதிரி நீட்டி.
டியூஷன் கொட்டில் காசு, தனியார் ஆஸ்பத்திரி பில்,
கோயில் நிர்வாகத்தின் இரண்டாவது கணக்குக் கொப்பி.
உண்மையும் இருந்தது, மறுக்கமாட்டேன்.
நானும் லைக் போட்டேன்,
வேலைக்காக அல்ல.

சூரிச்சிலிருந்து போன் வந்தது, ஸ்காபரோவிலிருந்து மைக்.
ஒஸ்லோவில் இரவுவேலை முடித்து வந்த யாரோ ஒருவர்
"விடாத தம்பி, கிழி" என்று எழுதிக்
காசும் அனுப்பினார்.
கிழிக்கிறதென்றால் நாளுக்கு ஒரு துணி வேண்டும்.
குப்பை தினமும் கிடைக்காது.
ஆட்கள் கிடைப்பார்கள்.

தர்மினியைக் கிழித்தது ஒரு வியாழக்கிழமை.
இணுவில் மருந்துக்கடையில் காசு வாங்குகிறவள்.
உண்டியலில் கை வைத்தாளென்று
எவனோ குரல் பதிந்து அனுப்பியிருந்தான்.
பெண் கேட்டுப் போய் இல்லையென்று திரும்பியவன் அவன்.
பிறகு தெரிந்தது.
பிறகு என்றால்,
நான்கு லட்சம் பேர் பார்த்த பிறகு.

வட்டம் என்னுடையது.
தங்கையின் சாமத்தியவீட்டுப் படத்தில்
சனத்தை வெட்டி அவளை மட்டும் எடுத்தேன்.
அந்த அல்பத்தைச் செய்ததும் நான்தான்.
அப்போது அவள் கன்னத்துப் பருவை அழித்துக் கொடுத்திருந்தேன்,
கேட்காமலே.

சுன்னாகம் பஸ்ஸில் ஒரு பெடியன் அவளைக் கண்டு
"உறவுகளே" என்று நீட்டினானாம்.
பஸ் முழுக்கச் சிரித்ததாம்.
அவள் இறங்கியது அவளுடைய தரிப்பில் இல்லை.

உயிரோடு இருக்கிறாள். அப்படிப் பார்க்காதீர்கள்.
வவுனியாவில், அதே பெயரோடு.
மல்லாகம் கோட்டில் வழக்குப் போட்டவளும் அவள்தான்.
தவணைக்குத் தவணை வருவாள், தண்ணிப் போத்தலோடு,
முன்வாங்கில் இருப்பாள்.
அவன் வருவதில்லை.

பிறகு அவனிடமே கணக்குக் கேட்டார்கள்.
கிணறு வெட்டச் சேர்த்த காசு.
பளையில் கிணறு இருந்ததுதான்,
பழைய கிணறு, வெள்ளையடிப்பு மட்டும் புதிது.
ஒஸ்லோக்காரர் எழுதினார்:
"எனக்கு அப்பவே தெரியும்."

போன மாதம் கொடிகாமத்துப் பெடியன் ஒருவன் வந்தான்.
புதுச் சேனல். அகிலரூபனின் முகம் வேண்டுமாம்,
வாய் பிளந்தபடி.
தேட வேண்டியிருக்கவில்லை,
நானூற்றுப் பதினாறு வாய் என்னிடம் இருக்கிறது.
வட்டத்துக்கு இப்போது முந்நூற்றைம்பது என்றேன்.
பேரம் பேசவில்லை.

நேற்று, கடை பூட்டுகிற நேரம், அவனே வந்தான்.
ஹெல்மெட் கையில். தலை முன்பக்கம் கொட்டியிருந்தது.
பாஸ்போட் படம்.
வெள்ளைத் திரைக்கு முன்னால் இருத்தினேன்.
"நேரே பாரும். காது தெரியவேணும்.
வாயை மூடும்."

மூடினான்.

எடுத்து முடியக் கேட்டான், மெதுவாக:
"அக்கா, கண்ணுக்குக் கீழ இந்தக் கறுப்பைக்
கொஞ்சம் எடுத்துவிடுவியளோ?"

பாஸ்போட் படத்தில் கை வைக்கேலாது என்றேன்.
அது சட்டம்.