தார்ப்பாய்க்கு அப்பால்

முஹர்ரக். விடியுமுன் நாலரை.
கேம்ப் வேம்பில் ஒரு சின்னான்,
கன்னத்தில் வெள்ளைத் திட்டு.

ஆரோக்கியம் போனில் இரண்டு குரல் வைத்திருந்தான்,
ஹித் பக்கம் பதிந்தவை.
முதலாவது மூன்றாம் சுரத்தில் தடுக்கியது.
இது அலகைக் கிளையில் துடைத்துவிட்டுப்
பழையபடி பாடியது.

இரண்டாவதில் ஒரு பிசிறில்லை.
சட்டென்று வாயடைத்து,
கழுத்து சிலிர்த்து,
துணிக்கொடிக்கு இறங்கி
போனைச் சுற்றிச் சுற்றித் தேடியது,
எவனடா அவன் என்று.

ஆரோக்கியம் சிரித்தான்.
எனக்கு வரவில்லை.

நேற்று யார்டில், தார்ப்பாய்க்கு அப்பால்
புதிதாக வந்த நேப்பாளியின் ஆர்க்:
விட்டுவிட்டு வெடிக்காமல்
அப்பளம் பொரிவதுபோல் ஒரே சீராக,
ராடு தீரும்வரை.

முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றேன்,
என் ராடு ஆறிப்போனது தெரியாமல்.