பெயர்க்கட்டம்

மூத்தவள் நிறைமதி.
மாசிப் பௌர்ணமியில் பிறந்தாள், யோசிக்க வேலையே வைக்கவில்லை.
இளையவளுக்குப் பதினாறு நாள்.
தொட்டிலில் கிடப்பதற்கு இன்னும்
பாப்பா என்றுதான் பேர்.

எல்லீஸ் நகர் மூன்றாம் மாடிக்கு
மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள்
ஆளுக்கொரு பவுடர் டப்பாவும் ஒரு மதியும் கொண்டுவருகிறார்கள்.
இளமதி, வான்மதி, தேன்மதி, வளர்மதி.
மச்சினன் மகுடீஸ்வரன் செல்போனில் அனுப்பிய பட்டியலில்
முப்பத்தெட்டு மதி.
அக்கா பேரும் தங்கச்சி பேரும்
ஒரே கையில் கிடக்கும் வளையல் மாதிரி
சேர்ந்து ஒலிக்க வேண்டுமாம்.

ராத்திரி மூன்று மணிக்கு
ஈரத்துணி மாற்றிக்கொண்டே
நானும் வினோதாவும் மிச்ச மதிகளைச் சொல்லிப் பார்த்தோம்.
நிம்மதி.
"அது இந்த வீட்ல ஏது?"
வெகுமதி. அனுமதி.
இறக்குமதி என்றேன்.
தையல் வலிக்கச் சிரித்துவிட்டு
தலையணையால் ஓங்கி ஒன்று வைத்தாள்.
விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்:
"நெறஞ்ச மதிக்கு அடுத்து
தேயுறதுதான?"

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கீழமாரட் வீதி மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
பெரிய வெங்காயம் இத்தனை மூடை,
சின்ன வெங்காயம் இத்தனை மூடை.
சின்னதுக்குத்தான் கிராக்கி என்று
லோடு இறக்கும் தவசி என் தோளில் தட்டிச் சிரிப்பார்.
என் பேர் சின்ன ஒச்சான்.
புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்பார்கள்,
"அப்ப பெரியவரு எங்க இருக்காரு?"
சிலரிடம் பட்டாளத்தில் என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய ஒச்சான்
உசிலம்பட்டிக்கு மேற்கே, ஓர் ஆவணியில்,
மூன்று வயதில், மஞ்சள்காமாலையில் போனான்.
அடுத்த வருசம் நான் வந்தேன்.
சின்னவன் என்று எழுதி வைத்தால்
பெரியவன் ஒருத்தன் இருந்தது
கணக்கில் விட்டுப்போகாது என்று
அப்பா நினைத்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

"ஒச்சு" என்று அம்மா கூப்பிடுவாள்.
வாசலில் நான்தான் நிற்பேன்.
அவள் கண் என் தோளைத் தாண்டி
அரை நொடி பின்னால் போய்த் திரும்பும்.
அந்த அரை நொடி
அசையாமல் நிற்கப் பழகிக்கொண்டேன்.

விடிந்ததும் வினோதாவிடம் சொன்னேன்,
மதி வேண்டாம்.
ஒண்ணக் கூப்பிட்டா ஒண்ணுதான் திரும்பணும்.
பால் குடிக்கிற பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்தபடி
அவள் காய்க்கு விலை கேட்கிற குரலில்
"சுடர்?" என்றாள்.

மொட்டைமாடிக்குப் போய்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று
கத்திப் பார்த்தேன். சுடர்!
கீழே குழாயடியில் ஒரு பெண் நிமிர்ந்தாள், ஒரு நாய் நிமிர்ந்தது.
நிறைமதி பதில் சொல்லவில்லை.
அப்பாடா என்றிருந்தது.
நிறைமதி! என்றேன்.
தடதடவென்று படியேறி வந்து
எதுக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டவளிடம்
சொல்ல ஒன்றும் இல்லை. தூக்கிக்கொண்டேன்.

மகுடீஸ்வரனுக்கு மனசே ஆறவில்லை.
"எதுகையும் இல்ல மோனையும் இல்ல மாமா,
ரெண்டும் ஒரே வீட்டுப் புள்ளைகன்னு
எப்படித் தெரியும்?"
மூக்கைப் பார், தெரியும் என்றேன்.

மாநகராட்சி அலுவலகத்தில்
கயிறு கட்டிய பேனா.
குழந்தையின் பெயர் என்று நீளமாக ஒரு கட்டம்,
அதில் மூன்றே எழுத்து.
"இவ்வளவுதானா? முன்னாடி பின்னாடி ஏதும் இல்லையா?"
என்றார் கவுன்டரில் இருந்தவர்.
இல்லை சார். மிச்ச இடம் அவளுக்கு.

அடுத்த வரி, தகப்பனார் பெயர்.
சின்ன என்று எழுதி
எப்போதும்போல் கொஞ்சம் இடம் விட்டேன்,
மூன்று வயதுப் பையன் ஒருவன்
நிற்கிற அளவு.
பிறகு, ஒச்சான்.