நீலக் குழாய்

ஆகஸ்டில் ஷார்ஜாவில்
நீலக் குழாயில்தான் கொதிநீர்.
ஹீட்டரை அணைத்துப் போட்டால்
சிவப்பில் வரும்
பச்சைப்பிள்ளைக்கு ஆகிற தண்ணீர்.

உம்மாவின் விசிட் விசா முடிந்த மூன்றாம் நாள்.
கட்டிலில் சுமையா வீறிட,
குளியலறையைத் தாழிட்டு
தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பெயர் வைத்த அன்று
யாருக்கும் கேட்கவில்லை
அதற்குள் ஒரு கேள்வி இருப்பது.

ஆமாம், என்றேன்
எக்ஸாஸ்ட் ஃபேனிடம்.
சத்தமாக, இன்னொரு தடவையும்.
கூரை இடியவில்லை.
மேல்மாடியில் யாரோ
பூண்டு வதக்கும் வாசம் மட்டும்
இறங்கி வந்தது.
பசித்தது.

கதவைத் திறந்து தூக்கினேன்.
அவள் அழுகை நிற்கவில்லை,
என்னுடையதும்.

சிவப்பைத் திருகினேன்.
எழுதியிருப்பது ஒன்று
வருவது ஒன்று.
முழங்கையில் ஊற்றிப் பார்த்தேன்.

சரியாகத்தான் இருக்கிறது.