ஆவிக்குத் தடயமில்லை

இந்த ஊரில் எங்கே நல்ல சாப்பாடு என்று
எங்களைக் கேளுங்கள்.
நானும் வில்மரும் ராத்திரி பதினொன்றுக்கு மேல்
உணவகங்களின் புகைப்போக்கி துடைக்கிறவர்கள்.
குவீன்ஸிலிருந்து புரூக்ளின் வரை
எவன் பழைய எண்ணெயை மாற்றாமல் ஓட்டுகிறான் என்பது
அவன் முதலாளிக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும்.

தாய்லாந்துச் சாப்பாடா?
எல்ம்ஹர்ஸ்ட் போங்கள்.
போர்டில் தங்க யானை இருந்தால் தாண்டிப் போங்கள்.
தட்டில் ஆர்க்கிட் பூ வைத்தால், பாவம்,
பூவை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள்.
ரயில் தலைக்கு மேல் ஓடும் தெருவில்
லாண்டரிக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒரு கதவு.
எட்டு மேஜை.
அடுப்பணைத்து மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்,
நாங்கள் வடிகட்டித் தகட்டைக் கழற்றியதும்
வில்மர் தும்முவான்.
ஏழு தும்மல்.
அதுதான் எங்கள் நட்சத்திரக் கணக்கு.

கடைக்காரி சிரின்யா
பின்வாசலில் சிகரெட்டோடு நின்று எண்ணுவாள்.
ஐந்தோடு நின்ற ஒரு ராத்திரி
“மிளகாய்க்காரன் ஏமாற்றிவிட்டான்” என்று
அப்போதே போனை எடுத்தாள்.
மணி இரண்டரை.

மெனுவின் கடைசிப் பக்கம், படமில்லாத பக்கம்,
அதைக் கேட்டு வாங்குங்கள்.
நண்டு போட்டு இடித்த பப்பாளிக்காய் வரும்.
காது அடைக்கும்.
தண்ணீரைத் தொடாதீர்கள். சோற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிம் சம்மில்தான் தோற்றேன்.

எட்டாவது அவென்யூவில் பதினோரு கடை துடைத்தவன் நான்.
ஆவியில் வேகிற பண்டத்துக்குப்
பிசுக்கு ஏது, கரி ஏது.
விரலை வைத்தால் வெறும் தண்ணீர்.
நல்ல கடையும் மட்டக் கடையும்
ராத்திரியில் ஒரே ஈரம்.
மூங்கில் கூடைகள் கவிழ்ந்து காய்கின்றன,
வாயைத் திறப்பதில்லை.

“பகலில் போய்ச் சாப்பிட்டுப் பாரேன்” என்றான் வில்மர்,
ஏதோ கண்டுபிடித்தவன் மாதிரி.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை
ஞாயிறு காலை பத்து மணிக்கு விழித்திருந்தேன்.
மாடிப்படி முழுக்க ஜனம். கையில் நம்பர் சீட்டு.
ஒலிபெருக்கி கான்டனீஸில் யாரையோ திட்டியது.
அது என் நம்பர் என்று
பக்கத்துப் பையன் சொல்லித்தான் தெரிந்தது.

“தனியாவா?”
அந்தக் கேள்வி மட்டும் ஆங்கிலத்தில்.
வட்ட மேஜையில் ஒன்பது பேருக்கிடையில்
என்னைச் செருகினார்கள்.

தள்ளுவண்டி வந்தது.
கூடைக்கு நாலு இறால் கொழுக்கட்டை,
கண்ணாடித் தோலுக்குள் இளஞ்சிவப்பு.
அடுத்த கூடை பன்றி இறைச்சி.
அவ்வளவுதான், வயிறு மூடிக்கொண்டது.
வண்டியிலோ இன்னும் முப்பது வகை.
ஒற்றை ஆளின் பசிக்குச் செய்த பண்டமே இல்லை இது.

எதிரே ஒரு புருஷன் பெண்டாட்டி.
மொழி புரியவில்லை, சண்டை புரிந்தது.
அவள் வாங்கியதை அவன் தொடவில்லை.
அவன் வாங்கியதை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
இருவரும் மாறி மாறிச் சுழல்தட்டைத் தள்ள
கோழிக்கால், முள்ளங்கி கேக், தாமரை இலைச் சோறு
ஒவ்வொன்றாய் என் முன்னால் வந்து நின்றன.
எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினாள்.
சண்டை வலுக்க வலுக்க
மூடிய வயிறு எனக்குத் திறந்துகொண்டது.

பிறகு, அவனைப் பழிவாங்கவோ என்னவோ,
அவன் கோப்பையை விட்டுவிட்டு
என் கோப்பையில் டீ ஊற்றினாள்.
மற்றவர்களைப் பார்த்து நானும்
இரண்டு விரலால் மேஜையைத் தட்டினேன்.
கதவைத் தட்டுவதுபோல ஓங்கித் தட்டிவிட்டேன் போலிருக்கிறது.
அவன் சிரித்துவிட்டான்.
அவளும்.
போச்சு.
முட்டை டார்ட் வந்தபோது
அவர்களே ஆளுக்கு ஒன்றாய்த் தின்றார்கள்.

நேற்று அதே கடையில் ராத்திரி வேலை.
“எப்படி?” என்றான் வில்மர்,
ஒரு கூடையை நிமிர்த்தி மோந்தபடி.
ஈர மூங்கில் வாசனை. வேறொன்றும் இல்லை.

“நாலு பேரோடு போ” என்றேன்.
“இரண்டு பேராவது
பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ.”