செக்குபந்தி

ததேயுவிடம் பணம் இல்லை.
நீரோடி மணலில் ஏழு சென்ட் ஒத்திக்கு எடுத்து
கம்ப்ரஸருக்கும் பதினொரு சிலிண்டருக்கும்
தகரக் கொட்டகை போட்டதோடு தீர்ந்தது.
"எழுத்துக்கூலிக்குப் பதிலா
ஒருநாள் பாருக்குக் கொண்டுபோறேன் ஓய்" என்றான்.
கொல்லங்கோட்டில் பத்திரம் எழுதும் இருபத்தாறு வருஷத்தில்
கூலியாகத் தேங்காய் வாங்கியிருக்கிறேன்,
ஒருமுறை கன்றுக்குட்டி.
கடலை யாரும் நீட்டியதில்லை.

மாசிக் காலை. படகில் இருந்து கரையைப் பார்த்தால்
இடக்கைப் பக்கம் பொழியூர், வலக்கைப் பக்கம் நீரோடி.
நடுவில் எந்தத் தென்னையோடு கேரளம் தொடங்குகிறது என்று
தொழில் பழக்கத்தில் தேடினேன்.
"மூச்ச மட்டும் பிடிச்சு வைக்கப்பிடாது, கேட்டீரா?
மத்தத நான் பாத்துக்கிடுதேன்."
முதுகுப்பக்கமாய் விழுந்தேன்,
ஐம்பத்திரண்டு வயதுக்குப் பொருந்தாத ஒரு விழுதல்.

முதலில் சத்தம்.
கடலடி அமைதி என்று சொன்னவன் எவனும்
காது நனைத்தவனில்லை.
கடுகு பொரிகிறது, நிறுத்தாமல்,
யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ.
அதன்மேல் என் மூச்சு,
தறுவாயில் கிடப்பவனின் மூச்சைப் போல
எனக்கே கேட்கிறது.

பார் என்பது எங்கள் பக்கம் கடலடிக் கல்.
பார், என்றது ததேயுவின் விரல்.

ஆறு மீட்டர் ஆழத்தில் அவ்வளவு வெயில்!
கல் தெரியவில்லை, கல்லை மூடி உயிர்.
சிப்பிக்கு மேல் பாசி, பாசிக்கு மேல் மூரை,
மூரை முள்ளுக்குள் நகம் அளவுக் குஞ்சுகள்.
கிளிமீன் கல்லைக் கடித்து
பின்னால் மணலாகப் பெய்துகொண்டு போகிறது.
பொந்துக்குள் அஞ்சாலை
வட்டிக்கடைக்காரன் போல வாயைத் திறந்து மூடுகிறது.
இரண்டு வண்ணாத்திகள்; ஒன்று திரும்பினால் மற்றது.
கல் என்று நான் கை வைக்கப்போன ஒன்று
நிறம் மாறி, எட்டுக் கைகளையும் சுருட்டிக்கொண்டு
என்னை முழுசாய் ஒருமுறை படித்துவிட்டு
ஒரு விரற்கடைச் சந்தில் ஒழுகி மறைந்தது.

நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்
சகலமும் உட்பட
புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள…
எத்தனை ஆயிரம் முறை எழுதிய வரி!
மொட்டைப் பாறைக்கும் எழுதினேன்,
கிணறு தூர்ந்த மனைக்கும் எழுதினேன்.
அர்த்தம் இங்கே கிடந்திருக்கிறது.

அப்போதுதான் அடி விழுந்தது, கண்ணாடியில்.
கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கறுப்பு மீன்.
பின்வாங்கி, மறுபடி பாய்ந்து, மறுபடி டொக்.
ததேயு சிரிப்பது குமிழிகளில் தெரிந்தது.
அவன் காட்டினான்: என் முழங்காலுக்குக் கீழே
உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரித்து வளர்த்த பாசி.
அதன் வயல்.
பட்டா இல்லை, தீர்வை கட்டியதில்லை,
வில்லங்கம் நான் மட்டும்.
நகர்ந்தேன்.
இரண்டு முழம் தள்ளிப் போகும்வரை
துரத்திவந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

திங்கட்கிழமை.
வர்க்கீசும் தம்பி சூசைநாயகமும்
ஒன்றரை சென்ட்டுக்குப் பாகப்பிரிவினை,
முகம் பார்க்காமல் இரு பெஞ்சுகளில்.
வடக்கே ஓடை, கிழக்கே தங்கைபாகம் மதில்,
மேற்கே வண்டிப்பாதை என்று எழுதி
தெற்கே என்று குனிந்தபோது
மூக்கின் எந்த மூலையில் ஒளிந்திருந்ததோ,
கட்டுக்குள் நிற்காமல் கொட்டியது கடல்.
ஒரு கரண்டி இருக்கும்.

முத்திரைத்தாளில் தெற்கு ஊறிப் பரவியது,
பக்கத்தில் இருந்த கிழக்கையும் சேர்த்து.
"சளியா ஓய்?" என்று அண்ணன் எழுந்தார்.
"வேற தாளுக்கு யார் காசு?" இது தம்பி.

மேலுதட்டில் மிச்சம் இருந்ததை
யாருக்கும் தெரியாமல் நக்கிப்பார்த்தேன்.
இடக்காதில் இன்னும் கடுகு.