எந்த மீன்?

பெர்கன் துறைமுகத்தில்
படகு நேரம் காட்டும் திரையின் ஓரத்தில்
ஒரு சால்மன் மீனைத் துள்ளவிட்டவள் நான்.
நான்கு நொடிக்கு ஒரு துள்ளல்.
செதிலில் வெளிச்சம் வழுக்குவதற்கு மட்டும்
மூன்று வாரம் உட்கார்ந்தேன்.
விளம்பரம் தந்தவர்களுக்கு ஏகச் சந்தோஷம்.
எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

பிறகு சோதனை வைத்தார்கள்.
தீவுகளுக்குத் தபால் கொண்டுபோகும் ஒட்வார் வந்தார்,
நனைந்த கம்பளித் தொப்பியை
மடியில் வைத்துக்கொண்டு.
விழி போகும் வழியைச்
சிவப்புக் கோடாக வரைந்துவிடும் கருவி.
அவர் படிக்க வேண்டியது ஒரே வரி:
ஏழு நாற்பது படகு, இன்று மட்டும் ஆறாம் மேடை.

'இன்று' வரை போனார்.
மீன் துள்ளியது.
வரியின் தொடக்கத்துக்குத் திரும்பினார்.
'இன்று மட்டும்'.
மீன்.
மறுபடி முதலிலிருந்து.
பதினொரு தடவை.

மீனுக்கு மனிதன் தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
இங்கே நரம்பின் மறுமுனை
மீனிடம் இருந்தது.

எந்த மேடை என்று கேட்டோம்.
"நான்கு," என்றார் தயங்காமல்,
நேற்றைய ஞாபகத்திலிருந்து.
மீன் பிடித்திருந்ததா என்று கேட்டோம்.
"எந்த மீன்?"

அன்றிரவு தூக்கமில்லை.
அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.
புல் அசைந்தும் திரும்பாத கண்கள்
எப்போதோ எதற்கோ இரையாகிவிட்டன;
திரும்பிய கண்களின் வாரிசுகள் நாம்.
ஓரக்கண்ணுக்கு எழுத்துத் தெரியாது.
அசைந்தது என்று மட்டும் தெரியும்.

"மெதுவாக்கிப் பாரேன்," என்றாள் தோருன்.
பத்து நொடிக்கு ஒன்றாக்கினேன்.
இன்னும் மோசம்.
இப்போது எல்லோரும்
அடுத்த துள்ளலுக்குக் காத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை நிறுத்திவிட்டேன்.
ஓர் அசைவை மட்டும் மிச்சம் வைத்தேன்:
மேடை எண் மாறினால் அந்த எண்
இமைபோல ஒருமுறை எழுந்து
படியும்.
அவ்வளவுதான். அதன்பின் திரை
கல்வெட்டு.

காலையில் தூண் ஓரம் நின்று பார்த்தேன்.
மழை. குடைகள்.
வருகிறார்கள், நிமிர்கிறார்கள், போகிறார்கள்.
ஒருவரும் திரையைப் பார்த்து நிற்கவில்லை.
ஒருவரும் அழகு என்று சொல்லவில்லை.
ஒட்வார் தபால் பையோடு வந்தார்,
ஒரே பார்வை,
ஆறாம் மேடைக்கு நடந்துவிட்டார்.

மூலையில் என் சால்மன்
வால் தண்ணீரைத் தொடாமல்
பாதித் துள்ளலில் நின்றது.
செதிலில் அந்த வெளிச்சம்,
வழுக்காமல்.

அதையே பார்த்துக்கொண்டிருந்ததில்
என் படகு போய்விட்டது.